வாசலில் நின்ற நாதஸ்வரத்தை மேடை ஏற்றியவர்

பங்குனி உத்திரத் திருநாள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கிறது மயிலம் குன்று. அங்கே முருகன் கோவிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லோருடைய கண்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. சாமி எப்போது வெளியே வரும்?

நம் கோவில்களில் சாமி புறப்பாட்டுக்கு என்று ஒரு மரபு உண்டு. முதலில் தவில் முழங்கும். பிறகு நாதஸ்வரம் சேர்ந்துகொள்ளும். சொல் இல்லாத கம்பீரமான இசை ஒன்று எழும். அதைக் கேட்டதும் தூரத்தில் நிற்பவர்கள் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார்கள். சாமி புறப்பட்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த இசைக்கு மல்லாரி என்று பெயர். கம்பீர நாட்டை என்ற ராகத்தில் அதை வாசிப்பார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தம் கொண்டு வரும்போது ஒரு மல்லாரி, நைவேத்தியத்துக்கு ஒரு மல்லாரி என்று அதில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான். பின்னால் வருவதை முன்னால் அறிவிப்பது.

நம் பக்கத்து கிராமங்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கும் இது புதிது அல்ல. கட்டியங்காரன் வருவதற்கு முன்பே முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் எல்லாம் சேர்ந்து முழங்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு கூத்துக் களத்துக்கு ஓடி வரும்.

இப்படி முன்னால் வரும் இசையை முன்னிசை என்று சொல்லலாம். முன்னிசையை வாசிக்கும் கலைஞனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவன் வாசித்து முடித்தவுடன் எல்லோருடைய கண்களும் அவனைத் தாண்டிப் போய்விடும். சாமி வந்த பிறகு நாதஸ்வரக்காரரை யார் பார்ப்பார்கள்?

என்னைப் பாருங்கள் என்று ஒருவர் நிமிர்ந்து நின்றார். அவர்தான் நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

மேல்நாட்டில் என்ன நடந்தது?

அவர் கதைக்குப் போகும் முன், கடல் தாண்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம்.

ஐரோப்பாவில் பாட்டு நாடகங்கள் உண்டு. அவற்றுக்கு ஓபரா என்று பெயர். திரை விலகும் முன் ஐம்பது பேர், அறுபது பேர் சேர்ந்து பல வாத்தியங்களை வாசிப்பார்கள். அந்த முன்னிசையை ஓவர்ச்சர் என்பார்கள். திறப்பு என்று அர்த்தம். தொடக்க காலத்தில் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஜனங்கள் பேசிக்கொண்டே இடம் பிடித்து உட்காரும் நேரம் அது.

பீத்தோவன் என்ற ஜெர்மானிய இசை மேதை ஃபிடேலியோ என்ற ஒரே ஒரு ஓபராதான் எழுதினார். அது 1805-ல் வியன்னா நகரில் அரங்கேறியது. அந்த ஒரு நாடகத்துக்கு அவர் நான்கு முன்னிசைகள் எழுதினார்! அவற்றில் ஒன்று மிகவும் பிரமாண்டமாக அமைந்துவிட்டது. நாடகத்தையே அது அமுக்கிவிடும் போல் இருந்தது. அதனால் இன்று அதை நாடகம் இல்லாமல், இசை அரங்குகளில் தனியாகவே வாசிக்கிறார்கள்.

போலந்து நாட்டில் பிறந்த ஷோப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1839-ல் அவர் 24 முன்னிசைகளைப் பியானோவுக்காக வெளியிட்டார். எதற்கு முன்னிசை? எதற்கும் இல்லை! பின்னால் எதுவும் வராது. முன்னிசையே முழு இசை.

சீனாவிலும் அப்படி ஒன்று உண்டு. லி ஹுவான்சி என்ற இசையமைப்பாளர் 1955, 56-ம் ஆண்டுகளில் வசந்த விழா பற்றி ஓர் இசைத் தொகுதி எழுதினார். வசந்த விழா என்பது சீனர்களின் புத்தாண்டு. வடக்குச் சீனத்து கிராமியப் பாட்டையும் ஆட்டத்தையும் வைத்து அவர் அதை அமைத்தார். தொகுதியின் மற்ற பகுதிகளைவிட அதன் முன்னிசைதான் பெரும் புகழ் பெற்றது. புத்தாண்டு வந்தால் அந்த முன்னிசையைத் தனியாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது.

வாசலில் இருந்த இசை உள்ளே வந்து உட்கார்ந்த கதைதான் இவை எல்லாம். தமிழ்நாட்டில் அந்தக் காரியத்தைச் செய்தவர் ராஜரத்தினம் பிள்ளை. ஆனால் இங்கே உள்ளே வரவேண்டியிருந்தது இசை மட்டும் அல்ல. அதை வாசித்த மனிதனும்தான்.

திருமருகல் சிறுவன்

நாகப்பட்டினம் பக்கத்தில் திருமருகல் என்று ஓர் ஊர். அங்கே 1898-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் குப்புசாமி பிள்ளை. தாயார் கோவிந்தம்மாள். குழந்தைக்கு வைத்த பெயர் பாலசுப்பிரமணியம்.

தாய்மாமன் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். திருவாவடுதுறை ஆதீன மடத்தின் வித்வானாக இருந்தவர். அவர் தம் மருமகனைப் பிள்ளையாகவே எடுத்து வளர்த்தார். பாலசுப்பிரமணியம் ராஜரத்தினம் ஆனான்.

பையன் முதலில் நாதஸ்வரத்தைக் கையில் எடுக்கவில்லை. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் என்ற பிடில் மேதையிடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டான். அதன் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரப் பயிற்சி.

இந்த வாய்ப்பாட்டுப் பயிற்சி பிற்காலத்தில் பெரிய உதவி செய்தது. ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் விரல் மட்டும் பேசவில்லை. குரல் பேசியது. ஒரு பெரிய பாடகர் எப்படி ஒரு ராகத்தை நிதானமாக எடுத்து, மெல்ல வளர்த்து, உச்சிக்குக் கொண்டு போவாரோ, அதை அவர் ஊதிக் காட்டினார்.

நடந்துகொண்டே வாசிக்கும் வித்வான்

அந்தக் காலத்து நாதஸ்வர வித்வான்களின் நிலைமை என்ன தெரியுமா?

கோவிலில் சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். மணிக்கணக்கில் கால் கடுக்கும். மேலே சட்டை போடக்கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் உட்காரக்கூடாது.

பாட்டு வித்வான் மேடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுவார். சபையோர் அவர் எதிரில் அடக்கமாக உட்கார்ந்து கேட்பார்கள். நாதஸ்வர வித்வானோ வாசலில் நிற்பார். விருந்தாளிகள் அவரைக் கடந்து உள்ளே போவார்கள்.

இத்தனைக்கும் ராகத்தை வளர்ப்பதில் நாதஸ்வரக்காரர்களுக்கு இணை கிடையாது. சாமி ஊர்வலம் நாலு மாட வீதி சுற்றி வர இரவு முழுவதும் ஆகும். அந்த நேரம் எல்லாம் ஒரே ராகத்தை விதவிதமாக வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். இவ்வளவு ஞானம் இருந்தும் இடம் என்னவோ வாசல்தான்.

இந்த நிலைமையை ராஜரத்தினம் பிள்ளை ஏற்கவில்லை. கிராப்பு வைத்துக்கொண்டார். கோட்டு போட்டுக்கொண்டார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். இது ஆணவம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வித்வானுக்கு மரியாதை கொடுக்காத இடத்தில் வித்தைக்கு மரியாதை ஏது என்பது அவர் நினைப்பு.

வெறும் பிடிவாதம் மட்டும் இருந்தால் ஊர் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது. அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் வித்தை இருந்தது. சீவாளியை வாயில் வைத்தார் என்றால் முணுமுணுத்தவர்களும் வாயடைத்துப் போனார்கள்.

நீண்ட குழல் பிறந்தது

மேடைக்கு வருவதில் இன்னொரு தடையும் இருந்தது. அது வாத்தியத்திலேயே இருந்தது.

பழைய நாதஸ்வரத்துக்கு திமிரி என்று பெயர். அது குட்டையான குழல். சுருதி மிக உயரம். நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே பிறந்தது போல் கணீர் என்று ஒலிக்கும். திறந்த வெளிக்கு அது பொருத்தம். மண்டபத்துக்குள் வாசித்தால் காதைத் துளைக்கும்.

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கன்பேட்டை இருக்கிறது. பரம்பரை பரம்பரையாக நாதஸ்வரம் செய்யும் ஊர் அது. அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி கை தேர்ந்த தொழிலாளி. நாதஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைவார்கள். அதிலும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய மரம்தான் விசேஷம்.

வித்வானும் ஆசாரியும் சேர்ந்து யோசித்தார்கள். குழலை நீளமாக்கினார்கள். நீளம் கூடினால் சுருதி இறங்கும். துளை சற்று இடம் மாறினாலும் ஸ்வரம் கெட்டுவிடும். அதிலும் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சுத்தமாகப் பேசுவது பெரிய பாடாக இருந்தது. செய்து பார்த்து, ஊதிப் பார்த்து, மாற்றிப் பார்த்து, கடைசியில் அதையும் சரிப்படுத்தினார்கள்.

அதுதான் பாரி நாதஸ்வரம். இரண்டரை அடிக்கு மேல் நீளம். குரலில் கனம். அருகில் உட்கார்ந்து கேட்டாலும் இனிமை. இன்று கச்சேரிகளில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாரிதான். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் மத்திய அரசின் புவிசார் குறியீடும் கிடைத்தது. விழுப்புரத்தில் ரயில் ஏறி மாயவரம் வழியாகக் கும்பகோணம் போகிறவர்கள் அந்தச் சிற்றூரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

தோடி என்றால் அவர்தான்

பாட்டுக் கச்சேரியில் கீர்த்தனை பாடும் முன்பு அந்த ராகத்தைச் சொல் இல்லாமல் விரித்துப் பாடுவார்கள். அதற்கு ஆலாபனை என்று பெயர். அதுவும் ஒரு முன்னிசைதான். கீர்த்தனைதான் முக்கியம், ஆலாபனை அதற்கு வழி காட்டும் விளக்கு என்று நினைப்பவர்கள் உண்டு.

ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை ஆலாபனை செய்யத் தொடங்கினால் கீர்த்தனை எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மணி போகும். இரண்டு மணி போகும். கூட்டம் அசையாது.

தோடி எளிதான ராகம் அல்ல. அதன் ஸ்வரங்கள் நேராக நிற்காமல் அசைந்து அசைந்து ஒலிக்க வேண்டும். நாதஸ்வரத்தில் விரல் வைக்கத் துளைகள் ஏழுதான். நடுவில் வரும் நுட்பமான ஒலிகளுக்குத் தனித் துளை கிடையாது. துளையைப் பாதி மூடியும், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சை அளந்து விட்டும்தான் அவற்றை வரவழைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் அபஸ்வரம். அந்தக் கத்திமுனையில் அவர் மணிக்கணக்கில் நடந்தார்.

கிராமபோன் தட்டு வந்த காலம் அது. தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் வாசிக்கலாம். இரவெல்லாம் வாசிக்கும் தோடியை அதற்குள் அடக்க வேண்டும். அடக்கினார். அந்தத் தோடித் தட்டு ஊர் ஊராகப் போயிற்று. கோவில் வாசலுக்கும் கல்யாண வாசலுக்கும் போய்த்தான் கேட்க முடியும் என்றிருந்த நாதஸ்வரம், இப்போது வீட்டுக் கூடத்துக்கும் காப்பிக் கடைக்கும் வந்துவிட்டது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து தவில் வாசித்தவர்களும் மகா மேதைகள். அவர்களில் ஒருவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. நாதஸ்வரமும் தவிலும் போட்டி போட்டுக்கொண்டு முழங்கினால் கேட்பவர்களுக்கு ஊண் உறக்கம் மறந்து போகும்.

சினிமாவும் அவரை அழைத்தது. 1940-ல் வந்த காளமேகம் படத்தில் காளமேகப் புலவராக நடித்தார். படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர்.

சுதந்திர இரவு

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி. விடிந்தால் சுதந்திரம். டில்லி மாநகரமே விழாக்கோலம் பூண்டிருந்தது.

திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஒரு குழு டில்லி போயிருந்தது. தம்பிரான் ஒருவர், தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர், அவர்களோடு ராஜரத்தினம் பிள்ளை. அன்று மாலை அவர்கள் யார்க் ரோட்டில் இருந்த ஜவாஹர்லால் நேருவின் இல்லத்துக்குச் சென்றார்கள். நேருவிடம் செங்கோல் ஒன்றைக் கொடுத்து ஆசி கூறினார்கள்.

அந்த ஊர்வலத்துக்கு முன்னால் நாதஸ்வரம் முழங்கியது. தஞ்சை மண்ணின் குழல் டில்லித் தெருவில் ஒலித்தது. அந்தச் செங்கோல் பல ஆண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023-ம் ஆண்டு மே 28-ந் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டிடத்தில் அதை வைத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். சாமி வருமுன் வாசிக்கும் வாத்தியம் அது. அன்று ஒரு நாட்டின் சுதந்திரம் வருமுன் அதுவே வாசித்தது. மேடை வேண்டும் என்று வாழ்நாள் எல்லாம் போராடியவர், அன்று மறுபடியும் ஊர்வலத்துக்கு முன்னால் நின்று வாசித்தார். அதில் அவருக்குக் குறைவு ஒன்றும் இல்லை. யாரும் நிற்கச் சொல்லி அவர் நிற்கவில்லை. நாட்டின் வாசலில் நிற்பது பெருமை என்று நின்றார்.

புகழும் குறையும்

அவர் குறை இல்லாத மனிதர் அல்ல. கை நிறையச் சம்பாதித்தார். பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். மதுப் பழக்கம் இருந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு நேரத்தில் வராமல் போனதும் உண்டு. காத்திருந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் வந்து உட்கார்ந்து நாலு ஸ்வரம் ஊதியதும் கோபம் பஞ்சாகப் பறந்தது.

இதை நாம் புகழ்ந்து சொல்ல முடியாது. வித்தையைக் காப்பாற்றிய அளவுக்கு அவர் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. சேர்த்து வைக்கவும் இல்லை.

1955-ல் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 1956-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, அவர் காலமானார். வயது 58. தமிழகம் கலங்கியது.

ஆனால் அவர் திறந்துவிட்ட கதவு மூடவில்லை. அவருடைய பிரதம சீடர் காருகுறிச்சி அருணாசலம் குருவின் வழியில் சபை மேடைகளில் புகழ் பெற்றார். 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாதஸ்வரம் போட்டி போட்டது. அதைக் கேட்காத தமிழர் குறைவு.

விழுப்புரத்துப் பிள்ளை

ராஜரத்தினம் பிள்ளை மறைந்த பிறகு, கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாள் என்ற தொடர்கதை எழுதினார். கதாநாயகன் ஒரு நாதஸ்வர வித்வான். தன் வித்தைக்கு மரியாதை இல்லாத இடத்தில் வாசிக்க மாட்டான். ரோஷக்காரன். அந்தப் பாத்திரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் சாயலைக் கண்டவர்கள் பலர்.

1968-ல் அது படமாக வந்தது. நாதஸ்வர வித்வானாக நடித்தவர் யார்? விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன்! திரைக்குப் பின்னால் இருந்து வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தில் கதாநாயகன் குழலோடு நிமிர்ந்து உட்கார்ந்தபோது கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. நாதஸ்வரக்காரரைக் கதாநாயகனாக ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதை நினைத்துப் பார்த்திருக்க முடியுமா? அப்போது கதையில் நாதஸ்வரக்காரருக்கு இடம் வாசலில்தான் இருந்திருக்கும்.

அடுத்த முறை கல்யாணத்துக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். பந்திக்கு ஓடும் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்கும் அந்த வித்வானைப் பார்த்து, அவர் வாசிக்கும் ராகத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் அந்த இடம் சும்மா வந்தது அல்ல. அதற்காக ஒரு மனிதர் தம் மூச்சு முழுவதையும் ஊதினார்.